பிரிவில் அறிந்த இல்லறம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புகைவண்டி நிலையத்திலே பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை எம்முடையது. பள்ளி இறுதித் தேர்வோடு எம் கல்வி நின்றது. மேடைப் பழக்கமும் இல்லை. ஆயினும் விழாக் குழுவினர் விடவில்லை. “இணைபிரியாத் தம்பதியர்: கலைவாணரும் மதுரமும்” என்று தலைப்பையும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டனர். தலைப்பைக் கண்டதும் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்விருவரும் பிரிந்திருந்தனர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்தனர். அந்தப் பிரிவைச் சொல்லாமல் அவர்தம் இல்லறத்தின் பெருமையைச் சொல்ல இயலாது என்பது எம் எண்ணம்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நமக்கு அயலார் அல்லர். பாறசாலையில் வண்டி ஏறினால் குழித்துறை, இரணியல் கடந்து நாகர்கோவில். அங்கே ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் நாள் பிறந்தவர் அவர். (அவர் காலத்தில் இந்த இருப்புப்பாதை கிடையாது, 1979இல்தான் வண்டி ஓடலாயிற்று. தொழில் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருக்க எம்மால் முடியவில்லை, பொறுத்தருள்க.) அந்நாளில் நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் முதல் நாள் களியக்காவிளைக்கு அருகே எல்லைக்கோடு விழுந்தது. அவர் பிறந்த மண் அப்புறம் சென்றது. பிழைக்க வந்து குடியேறிய நம் சிற்றூர்கள் இப்புறம் நின்றன.

வறுமையில் வளர்ந்தவர் அவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிகரானார். நம் பக்கத்து வில்லுப்பாட்டும் அவருக்குக் கைவந்தது. டி. ஏ. மதுரம் அம்மையாரோ திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவர். 1936இல் வெளிவந்த ‘வசந்தசேனா’ படத்திற்காக இருவரும் பூனா சென்றனர். அங்கே தோன்றிய பழக்கம் திருமணத்தில் முடிந்தது.

இவ்விடத்தில் நாம் விரைந்து கடந்துவிடலாகாது. கலைவாணருக்கு அதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. நாகம்மாள் என்னும் மனைவியார் ஊரில் இருந்தார். அதை மறைத்தே அவர் மதுரத்தை மணந்தார். உண்மை தெரிந்தபோது மதுரம் அம்மையார் சினந்தார். பின்னர் மனம் தேறினார். அவர் பெற்ற ஒரே பெண்மகவும் சில திங்களில் மறைந்தது. அதன் பின்னர்த் தம் தங்கை வேம்புவையே கணவருக்கு மணமுடித்து வைத்தார். அக்காலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஊராரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. எனினும் மறைத்துச் செய்த மணத்தை யாம் புகழ்வதற்கில்லை. நாகம்மாள் என்ன எண்ணினார் என்று எவரும் எழுதி வைத்ததை யாம் படித்ததில்லை. புகழ்பெற்ற தம்பதியரைப் பாராட்டும் மேடையில் அவர் பெயரையும் ஒருமுறை சொல்லியாக வேண்டும் என்றே சொல்கிறோம்.

திரையில் அவ்விருவரையும் காணாத தமிழர் அந்நாளில் அரியர். யாம் பிறப்பதற்கு முன்பே இருவரும் மறைந்துவிட்டனர். எனினும் பழைய படங்களைப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. கணவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மனைவி வேடத்தை மதுரம் ஏற்கவில்லை. அவர் மடக்குவார், இவர் விழிப்பார், கொட்டகை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள்ளே மதுவிலக்கும் மூடநம்பிக்கை ஒழிப்பும் வந்து புகுந்துவிடும். நகைச்சுவைப் பகுதிகளைக் கலைவாணரே அமைத்தார் என்பர். அமைத்தவர் அவராயினும், எதிர்நின்று பந்தைத் திருப்பி அடிக்க ஆள் வேண்டுமன்றோ?

1944 நவம்பரில் சென்னையில் இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் தாக்கப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்த காலம் அது. திரையில் சிரிக்கவைத்த மனிதர் சிறையில் இருந்தார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று. உயர்நீதிமன்ற முறையீடும் தள்ளுபடியாயிற்று. எஞ்சியது இலண்டன் பிரிவி கவுன்சில் ஒன்றே.

அந்நாளில் ஒரு நடிகை, கணவர் கொலைக் குற்றவாளி என்று பெயர் பெற்றபின், என்ன செய்திருக்க முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கலாம். வேறு இணை தேடி நடித்துப் பிழைத்திருக்கலாம். மதுரம் அம்மையார் நாடகக் குழுவைக் கட்டினார். எஸ். வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். கணவர் பெயராலேயே என். எஸ். கே. நாடக சபை நடந்தது. நாடகக் குழு என்றால் நாள்தோறும் உலை வைக்க வேண்டிய பெருங்குடும்பம். திரைச்சீலையும் பெட்டிகளும் ஊர் ஊராய்ப் போய்ச் சேர வேண்டும். பார்சல் கணக்கு எழுதும் எமக்கு அதன் சுமை சற்றே தெரியும்.

இங்கே எம் சொந்தக் கதை ஒன்று. மாற்றலாகி யாம் தனியே இருந்த மூன்றாண்டு, எம் துணைவியார் பிள்ளைகளின் பள்ளியையும் நோயுற்ற எம் அன்னையாரையும் தனியே பார்த்துக்கொண்டார். மாதந்தோறும் பணம் அனுப்பியதால் குடும்பத்தை யாமே நடத்தினோம் என்று நெடுநாள் நம்பியிருந்தோம். அன்னையாரின் இறுதி நாள்களில் மருந்துச் சீட்டுகளை நாள்வாரியாக அவர் கோத்து வைத்திருந்த கம்பியைக் கண்ட பிறகே அந்த நம்பிக்கை போயிற்று. இங்கு அமர்ந்திருக்கும் தோழர் பலருக்கும் இப்படி ஒரு கம்பி எங்கேனும் தொங்கும்.

வழக்கு நிதிக்காக அம்மையார் படம் எடுக்கவும் துணிந்தார். ‘பைத்தியக்காரன்’ என்னும் நாடகமே படமாயிற்று. இயக்கியவர்கள் கிருஷ்ணன் - பஞ்சு. அதற்குள் பிரிவி கவுன்சில் மறுவிசாரணைக்கு அனுப்ப, 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. திரும்பி வந்த கலைவாணருக்கும் அப்படத்தில் ஒரு வேடம் சேர்த்தனர். மதுரம் அதில் இரட்டை வேடம் பூண்டார். அவ்வாண்டே படம் வெளிவந்தது.

பாகவதருக்குப் பழைய ஒளி திரும்பவில்லை. கலைவாணரோ மீண்டும் எழுந்தார். 1949இல் அண்ணா கதை எழுதிய ‘நல்லதம்பி’, 1951இல் தாமே இயக்கிய ‘மணமகள்’ என்று தொடர்ந்தது. அவர் திரும்பி வந்தபோது ஒரு குழுவும் ஒரு படமும் கலையாமல் காத்திருந்தன. அவரைத் தூக்கி நிறுத்தியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு என்று யாம் கருதுகிறோம். ஈட்டியதையெல்லாம் அவர் பிறர்க்கு வாரி வழங்கிய கதைகளை நீவிர் அறிவீர். அடுப்படியில் அதன் விளைவைத் தாங்கியவர் யார் என்பதைத் தாய்மார்கள் எம்மினும் நன்கு அறிவர்.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கலைவாணர் மறைந்தார், வயது 48. பிறந்த ஊர் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்து பத்துத் திங்களே ஆகியிருந்தது. சென்னையில் அவர் சிலையை 1969 பொங்கல் நாளில் அண்ணா திறந்துவைத்தார். மதுரம் அம்மையார் 1974 வரை வாழ்ந்தார்.

நாகர்கோவிலுக்குச் செல்வோர் மணிமேடையருகே கலைவாணர் சிலையைக் காணலாம். அவர் ஒருவரே நிற்கிறார். அம்மையார் பெயரைக் காண விழைவோர் ஒழுகினசேரிக்குச் செல்ல வேண்டும். அங்கே கலைவாணர் கட்டிய வீட்டுக்கு அவர் இட்ட பெயர் ‘மதுர பவனம்’.