மோட்டார் வண்டியும் நம் குடும்பங்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, தொழில், விவாகச் செலவு முதலிய விஷயங்களைக் குறித்து அறிஞர் பலர் இம்மேடையில் பேசக் கேட்டிருக்கிறீர்கள். யான் மோட்டார் காரைக் குறித்துப் பேச வந்தேன். இஃது ஒரு சங்கம் ஆராயத் தக்க விஷயமோ என்று சிலர் நினைக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் நம்மவருள் மிகச் சிலரிடமே கார் இருந்தது. இன்றோ வியாபாரி, உபாத்தியாயர், உத்தியோகஸ்தர் எனப் பலர் வாசலிலும் அது நிற்கிறது. மனைவி மக்களை ஒருசேர ஏற்றிச் செல்லும் பொருளைப்பற்றி நாம் சிந்திப்பது அவசியமன்றோ?

சென்ற சில வாரங்களாக, கார் ஓட்டும் நம் அங்கத்தினர் பலரிடம், "நல்ல வண்டி என்பது எது?" என்று வினவினேன். மளிகை வியாபாரி ஒருவர், "நடுவழியில் நிற்காத வண்டியே நல்ல வண்டி" என்றார். உபாத்தியாயர் ஒருவர், "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்பதே கேள்வி" என்றார். பெரிய குடும்பஸ்தர் ஒருவர், ஐவர் அமரவும் டிக்கியில் மூட்டைகள் வைக்கவும் இடம் வேண்டுமென்றார். வாடகைக் கார் ஓட்டும் இளைஞர், எந்த ஊர்ப் பட்டறையிலும் உதிரிப் பாகங்கள் கிடைக்கவேண்டும். விற்கும்போது நல்ல விலையும் வரவேண்டும் என்றார்.

இவ்வபிப்பிராயங்களை யான் குறைகூறேன். இவை அநுபவத்திற் பிறந்தவை. நம் தேசத்தில் அம்பாஸடர் நெடுங்காலம் ஓடியதற்குக் காரணம், சிற்றூர் மெக்கானிக்கும் அதனைப் பழுதுபார்க்க வல்லவராயிருந்தமையே. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, குறைந்த செலவில் நம்பி ஓட்டத்தக்க வண்டியாய் இருந்தமையால் நடுத்தரக் குடும்பங்களுக்குரியதாயிற்று. அவ்விரு வண்டிகளின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோயினும், அவை கற்பித்த அளவுகோல்களே இன்றும் நம் கையில் உள்ளன.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மேற்சொன்னவை யாவும் ஒன்றும் நேராத நாட்களுக்குரிய அளவுகோல்கள். மோதல் நேரும் ஒரு நாளில் அவ்வண்டி உள்ளிருப்போரை எங்ஙனம் காக்கும் என்று யான் வினவியவருள் ஒருவரும் தாமாகக் கூறவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் ஸ்தாபனம், நம் நாட்டில் பெரிதும் விற்பனையான சிறு கார்கள் ஐந்தனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அவ்வைந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஒருநாளும் வழியில் நிற்காத வண்டியும் அச்சோதனையில் தோற்கும் என்பது அப்போது விளங்கிற்று. அதன்பின் சட்டங்கள் திருந்தின. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனையும் நடைபெறுகிறது. புதிதாக வண்டி வாங்குவோர், மைலேஜைக் கேட்கும் அதே வாயால் நட்சத்திரத்தையும் கேட்கவேண்டும்.

எனினும், எத்தனை நட்சத்திரம் பெற்ற வண்டியாயினும் சீட் பெல்ட் அணியாதவரை அது முழுதும் காவாது. 2022ஆம் ஆண்டில் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்றும், அவருள் தமிழ்நாட்டினர் 17,884 பேர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. சீட் பெல்ட் அணியாமல் மாண்டோர் 16,715 பேர். அவருள் ஓட்டியவர் 8,384, உடன் சென்றோர் 8,331. உடன் சென்றோர் யார்? பெரும்பாலும் குடும்பத்தாரே. அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள், பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் விலையுயர்ந்த காரில் சென்று விபத்தில் உயிர்நீத்தார். அவரும் அவருடன் பின்னிருக்கையில் இருந்தவரும் பெல்ட் அணியவில்லை. முன்னிருக்கையில் இருந்த இருவரும் காயங்களுடன் உயிர் தப்பினர்.

"பின்னால் உட்காருபவருக்குப் பெல்ட் எதற்கு?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 15 மீட்டர். பதினொன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும் வேகமும் அதுவே. வண்டி சடுதியில் நின்றுவிட்டாலும், கட்டப்படாத உடல் அவ்வேகத்துடன் முன்னே பாயும். மடியிலுள்ள மதலையை எத்தாயின் கரமும் அப்போது பிடித்துநிறுத்த இயலாது. வேகம் இரட்டித்தால் மோதலின் வன்மை நான்கு மடங்காகும் என்பதையும் வாலிபர்கள் மறவாதிருப்பார்களாக.

புது வண்டிக்குப் பூஜையிட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அது வேண்டாமென்று யான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுத் தலைவர் முன்னே பெல்ட் அணிந்து அமர, மனைவியும் மக்களும் வயது முதிர்ந்த தாயாரும் பின்னே காப்பின்றி அமர்ந்திருப்பது எவ்வகை நியாயம்? குடும்பத்திற்காக வண்டி வாங்கினோம் என்று சொல்லும் நாம், குடும்பம் இருக்கும் இடத்தையன்றோ முதலிற் காக்கவேண்டும்?

ஆகவே நம் அங்கத்தினர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

முதலாவது, அனைவரும் பெல்ட் அணிந்தாலன்றி வண்டியை நகர்த்துவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் விரதம் பூணவேண்டும். சட்டமும் முன்னோக்கிய பின்னிருக்கையில் அமர்வோர் பெல்ட் அணிய விதித்துள்ளது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். கர்ப்பவதிகள் பெல்ட்டின் கீழ்ப்பகுதியை வயிற்றின்மேல் அல்லாது அதன்கீழ்ப் படியுமாறு அணியவேண்டும். குழந்தையை முன்னிருக்கையில் மடிமேல் வைத்துச் செல்லும் வழக்கம் ஒழியவேண்டும். அதற்கெனச் செய்த சிற்றிருக்கையைப் பின்னே பொருத்துக.

இரண்டாவது, டயரைக் கவனியுங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். குறைவாக ஓடிய வண்டியிலும் டயருக்கு வயதாகும். பழைய வண்டி வாங்குவோர் மேற்பூச்சைப் பார்ப்பதற்கு முன் இதனைப் பார்ப்பார்களாக.

மூன்றாவது, கல்யாண வீட்டார் செய்யவேண்டியது. இரவெல்லாம் ஓட்டிவந்த டிரைவர் முகூர்த்தம் முடியும்வரை வெயிலில் வண்டியிலேயே கிடந்து, மீண்டும் இரவிற் புறப்படுகிறார். நம் பெண்டு பிள்ளைகளின் உயிர் அவர் விழிப்பில் இருக்கிறது. அவருக்குப் பந்தியில் இடமும், படுக்கப் பாயும், ஓர் அறையும் தருவது கல்யாணச் செலவில் மிகச் சிறிது. விருந்தினரை நள்ளிரவில் அனுப்பாமல், தங்கவைத்து விடியற்காலையில் அனுப்புவதும் நம் பழைய உபசாரமேயன்றிப் புதுமையன்று.

வண்டி பழுதானால் பட்டறையுண்டு. பாகம் உடைந்தால் வேறு பாகமுண்டு. போன உயிர்க்கு அவ்வித வழியில்லை. அடுத்த ஆண்டு நாம் இங்கே கூடும்போது, இன்று ஈண்டு அமர்ந்துள்ளோர் அனைவரும் குறைவின்றி வந்து கூடுவார்களாக.