ஏட்டில் ஏறாத புகார்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து மாண்டனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரித்தது. நேரில் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை அளித்தார். அழிந்த பதிவின் இடத்தில் சாட்சியாய் நின்றது ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம்.

அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், இத்தகைய பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிடில் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்க ஆணையிட்டது. மனித உரிமை ஆணையத்தில் முறையிடவும் ஓராண்டே காலவரம்பு. ஆகவே, "நமக்கேன் வம்பு" என்று வாளாவிருந்தால் சாட்சியும் போகும், உரிமையும் போகும்.

காவலர்மீது குறையிருப்பின் எழுத்தில் கொடுங்கள், ரசீது பெறுங்கள், நகலைப் பேணுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்; 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ஓர் அலுவலரின் ஒழுங்கு நடவடிக்கை ஆவணங்கள் தனிப்பட்ட தகவல் என 2012இல் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதால், அவை மறுக்கப்படலாம். ஆனால் ஒரு நிலையத்தின்மீது வந்த புகார்கள் எத்தனை, நடவடிக்கைக்கு உள்ளானவை எத்தனை என்று கேட்கலாம்.

நேர்மையான காவலருக்கும் அந்த ஏடே அரண். ஏட்டில் ஏறாத புகாரோ நடவாத நிகழ்ச்சியாகிவிடும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது நம் இளைஞர்களின் கடமையாகட்டும்.