எண்ணுக்குள் எழுத்து

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் கணித ஆசிரியர் ஆற்றிய உரை)



எனக்கு இன்று கொடுக்கப்பட்ட தலைப்பு ‘கணிதத்தின் பயன்’ என்பது. கடையில் மீதிச் சில்லறை எண்ணலாம், சம்பளச் சீட்டைச் சரிபார்க்கலாம் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட முடியும். ஆனால் இந்த ஆண்டு எனக்கே ஒரு கணக்குத் தப்பிப் போனது. அதைச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக மனத்தில் கிடக்கிறது. ஆகவே தலைப்பைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறேன். தலைமையாசிரியர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையனின் கணிதப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பென்சிலில் மூன்று எண்கள்: 0911, 0102, 0708.

நாலு நாலு இலக்கமாக எண்ணைக் கண்டால் நம் ஊரில் யாருக்கும் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. சிலர் சிரிக்கிறீர்கள், சிரிக்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்! கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், வழியில் கார் மோதிக் கிடந்தால் அந்தக் காரின் நம்பர் என்று பெரியவர்கள் செய்கிற ஆராய்ச்சி பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்குக் கோபமான கோபம். “யாருக்குடா நம்பர் வாங்கிட்டுப் போறே?” என்று கேட்டேன். “இல்ல சார்” என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இன்னொருவனிடம் ஒரு சீட்டு. அடுத்த நாள் இரண்டு. வாரக் கடைசியில் என் மேசை இழுப்பறையில் ஏழு சீட்டுச் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பையனின் அப்பாவை வழியில் பார்த்தேன். “உங்க மகன் நம்பர் சீட்டோட திரியறான், கொஞ்சம் கவனிங்க” என்று சொல்லிவிட்டு என் வழியில் போய்விட்டேன். அன்றிரவு பையனுக்கு அடி விழுந்தது என்று சனிக்கிழமை காலையில் காதுக்கு வந்தது.

அது என்னை உறுத்தியது. அன்றிரவு ஏழு சீட்டையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மா இந்த மலையில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு வராது. எண் மட்டும் அத்துப்படி. நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் கிராணியை நிறுத்திக் கேட்டுவிடுவார். பக்கத்து வீட்டு மாமாவும் வந்திருந்தார். “0911 நல்ல நம்பரா இருக்கே தம்பி” என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். (அதை அவர் வாங்கியும் பார்த்தார், விழவில்லை என்பது தனிக்கதை.) அம்மாதான் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏன்டா, இது அந்த நம்பர் மாதிரி தெரியலையே. மூவாயிரம், அஞ்சாயிரம், எட்டாயிரம்னு ஒண்ணுகூட இல்ல. முன்னாடி ரெண்டும் பதினெட்டத் தாண்டல. பின்னாடி ரெண்டும் பதினொண்ணத் தாண்டல.”

பதினெட்டு என்று காதில் விழுந்ததும் எனக்குச் சுரீர் என்றது. மெய்யெழுத்துப் பதினெட்டு அல்லவா! அப்படியானால் பின்னால் இருப்பது உயிரெழுத்து. ஆனால் உயிர் பன்னிரண்டாயிற்றே, இது ஏன் பதினொன்றோடு நிற்கிறது? பன்னிரண்டாவது எழுத்து ஔ. ஔவையாரையும் ஔடதத்தையும் விட்டால் அதை யார் எழுதப் போகிறார்கள்!

ஒரு சீட்டில் 0001, 0900, 0902 என்று இருந்தது. 0001 என்றால் மெய் இல்லை, முதல் உயிர் மட்டும்: அ. அடுத்த இரண்டும் ஒரே மெய். முதலாவதில் உயிர் இல்லாமல் புள்ளி வைத்து, இரண்டாவதில் ‘ஆ’ சேர்த்து. அம்மாவா, அப்பாவா, அக்காவா? நான் க, ங, ச, ஞ என்று சொல்லச் சொல்ல அம்மா விரலை மடக்கினார். ஒன்பதாவது விரலில் ‘ப’ வந்து நின்றது. அப்பா.

பிறகு முதல் சீட்டு. 0911, பகரத்தோடு ஓகாரம்: போ. 0102: கா. 0708: தே.

போகாதே.

வேறு கையெழுத்தில் இருந்த இன்னொரு சீட்டு: 1005, 0503, 1102, 0705. ‘முடியாது’ என்று வந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகப் போகிறது. பையன் அதைத் தன் கூட்டாளி ஒருவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மற்றவர் யாருக்கும் தெரியக்கூடாது என்று இருவரும் எண்ணில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைத்தான் நான் நம்பர் சீட்டு என்றேன்.

இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான்! ஒரு மாதத்துக்கு முன் கணிதக் கழகத்தில் நான் சொன்ன கதையிலிருந்துதான் பிடித்திருக்கிறார்கள். பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும்.

கிரேக்க நாட்டுக்குத் தெற்கே கிரீட் என்று ஒரு தீவு. அங்கே நோசோஸ் என்ற இடத்தில் 1900-ஆம் ஆண்டு ஆர்தர் எவன்ஸ் என்பவர் ஒரு பழைய அரண்மனையைத் தோண்டினார். களிமண் ஏடுகள் கிடைத்தன. ஏட்டில் எழுத்து இருந்தது, படிக்க ஆள் இல்லை. ஐம்பது ஆண்டு அப்படியே கிடந்தது. 1936-இல் எவன்ஸ் இதைப் பற்றிப் பேசுவதைப் பதினான்கு வயதுப் பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான். மைக்கேல் வென்ட்ரிஸ் என்று பெயர். பின்னாளில் அவர் படித்தது கட்டடக்கலை. எழுத்தாராய்ச்சி அவருக்குத் தொழிலே இல்லை, ஆசைதான். அமெரிக்காவில் ஆலிஸ் கோபர் என்ற ஆசிரியை. போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காமல் வாழ்த்து அட்டை, பழைய அறிக்கை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிக் குறிப்பெழுதி, சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்தார். ஏறத்தாழ 1,80,000 அட்டைகள்! விடையைப் பார்க்காமலே 1950-இல் காலமானார். எம்மெட் பென்னட் என்பவர் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஏடுகளை எல்லாரும் எண்களாகவே எழுதிப் பார்த்தார்கள்.

வென்ட்ரிஸ் தமக்குத் தோன்றியதையெல்லாம் குறிப்பாக அச்சிட்டு மற்ற அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். தப்பானதையும் மறைக்கவில்லை. ஒரே மெய் வருகிற எழுத்துகளை ஒரு வரிசையிலும், ஒரே உயிர் வருகிறவற்றை ஒரு நிரலிலும் போட்டுக் கட்டம் கட்டினார். நம் ஒன்றாம் ஆண்டு வகுப்புச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணை போலத்தான். 1952-இல் 70-52-12 என்ற சொல்லையும் 08-73-30-12 என்ற சொல்லையும் அந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தார். முதலாவது கோ-னோ-சோ, அதாவது நோசோஸ் நகரம். இரண்டாவது ஆ-மி-னி-சோ, பக்கத்திலிருந்த துறைமுகம் ஆம்னிசோஸ். இரண்டுக்கும் கடைசி எழுத்து ஒன்றே. மொழி பழைய கிரேக்கம் என்று தெரிந்தது. அவர் அதுவரை வேறு மொழி என்று நம்பியிருந்தார். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுத்தார். ஜான் சாட்விக் என்ற கிரேக்கப் புலவர் துணைக்கு வந்தார்.

படித்த பிறகு உள்ளே என்ன இருந்தது தெரியுமா? காவியம் இல்லை, மந்திரம் இல்லை. ஆடு இத்தனை, எண்ணெய் இத்தனை, வேலைக்காரப் பெண்கள் இத்தனை பேர், அவர்கள் பிள்ளைகள் இத்தனை, அவர்களுக்குப் படியளந்த தானியம் இவ்வளவு. மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய செக்ரோல்! இந்த இடத்தில் என் அம்மா சொன்னது: “அங்கயும் கிராணி இருந்திருக்கானா!”

இப்போது நம் கதைக்கு வருவோம். சிந்துவெளியில் மொகஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய நகரங்களைப் பற்றி ஜான் மார்ஷல் 1924-இல் உலகுக்கு அறிவித்தார். சின்னச் சின்ன முத்திரைகளில் எழுத்து. சராசரியாக ஒன்றில் ஐந்து குறிகள்தாம். ஒப்பிட்டுப் பார்க்க இருமொழிக் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. இதில் பெரும்பாடு பட்டவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. முதலில் தமிழ்நாட்டுக் குகைகளில் இருந்த பிராமி எழுத்தைப் படித்தார். புகளூர்க் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயர்களைக் கண்டு 1965-இல் அறிவித்தார். பிறகு சிந்து எழுத்து. 417 குறிகள் என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கணிப்பொறியில் ஏற்றி, எந்தக் குறி முன்னால் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று அட்டவணை போட்டு 1977-இல் நூலாக்கினார். ஐயா, அந்த நூலில் ‘இதுதான் பொருள்’ என்ற கதையே கிடையாது. மற்றவர்கள் வேலை செய்யக் களம் போட்டுக் கொடுத்தார். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2018-இல் மறையும் வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

பின்லாந்தில் அஸ்கோ பர்போலாவும் அவர் தம்பி சிமோவும் கணிப்பொறி தெரிந்த ஒரு நண்பரும் சேர்ந்து 1960-களிலேயே இதில் இறங்கியவர்கள். முத்திரையில் மீன் படம் அடிக்கடி வருகிறது. சிலவற்றில் மீனுக்கு முன் ஆறு கோடு, சிலவற்றில் ஏழு கோடு. தமிழில் மீன் என்றால் நீரிலும் உண்டு, வானிலும் உண்டு. ஆறு கோடும் மீனும் ‘அறுமீன்’, அதாவது கார்த்திகை. ஏழு கோடும் மீனும் ‘எழுமீன்’ என்ற ஏழு முனிவர் கூட்டம். மீனைத் தமிழோடு முதலில் சேர்த்துப் பார்த்தவர் பம்பாயில் இருந்த ஹீராஸ் பாதிரியார். பர்போலா அதை விரித்தார். கேட்கும்போது நமக்கு இனிக்கிறது. ஆனால் நிரூபணம் ஆகவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். படித்துவிட்டோம் என்று கிளம்பியவர்கள் நூறு பேருக்கு மேல். ஒருவர் விடை மற்றவருக்கு ஒத்துவரவில்லை. அது மொழியே இல்லை, வெறும் அடையாளக் குறிகள் என்று 2004-இல் மூன்று அறிஞர்கள் எழுதினார்கள். 2025 ஜனவரியில் சென்னையில் நடந்த நூற்றாண்டுக் கருத்தரங்கில், புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். (இதைக் கேட்ட மாமா நாலு நம்பரை விட்டுவிட்டு மீனை எண்ண ஆரம்பித்துவிட்டார்.)

எழுத்துத்தான் மூடிக் கிடக்கிறது, எடைக்கல் பேசுகிறது. அங்கே கிடைத்த கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்து ஏறுகின்றன. மிகுதியாகக் கிடைப்பது 16. ஏறத்தாழ பதின்மூன்றரை கிராம். நம் பாட்டன்மாரின் ரூபாய்க்குப் பதினாறு அணா. கிலோ வருவதற்கு முன் இந்த நாட்டில் ஒரு கட்டிக்குப் பதினாறு தாஹில். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப் பதினாறு வசதி, அதனாலும் இருக்கலாம்.

விடை வராத புதிருக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. 1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப்போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனை, போலீசும் ஒராங் அஸ்லி மக்களும் மலை முழுக்கத் தேடினார்கள். இன்று வரைக்கும் தடயம் இல்லை.

ஞாயிறு காலை லயத்துக்குப் போனேன். பையன் வாசலில் இருந்தான். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டான். அப்பாவிடம் ஏழு சீட்டையும் கொடுத்து விவரம் சொன்னேன். “தப்பு என்னுதுங்க” என்றேன். அவர் வெகுநேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அடிச்சது நான் சார், நீங்க இல்ல. கேக்காம அடிச்சிட்டேன்” என்றார். பிறகு, “இதுல ‘அப்பா’ன்னு எது?” என்று கேட்டார். காட்டினேன். அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலை அங்கே ஒப்புக்கொண்டாயிற்று, வீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. போகத்தான் வேண்டியிருந்தது. போனார்கள்.

வகுப்பில் எல்லார் முன்னும் திட்டினேன். எல்லார் முன்னும்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று இங்கே சொல்கிறேன். கணிதக் கழகத்துக்கு இன்று கொடுக்கப்படும் கேடயத்தில் அந்தப் பையனுக்கும் பங்கு உண்டு. அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன், தலைமையாசிரியரும் மறுக்கவில்லை.

போன வாரம் அவன் கூட்டாளிக்குப் பட்டணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே இரண்டு சீட்டு. ஒன்றைக் கூட்டாளி யாருக்கும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்றை, “சார், இது உங்களுக்காம்” என்று என்னிடம் கொடுத்தான். அதைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் யாரும் கத்திச் சொல்லிவிட வேண்டாம். பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை எழுத்துச் சொல்லச் சொல்லி, நீங்கள் விரலை மடக்கிப் பாருங்கள்.

1401, 1205, 1408, 1800.