கீழடி: 982 பக்கமும் ஒரு இடமாற்றமும்

இந்த வாரம் மூணு செய்தி பேசலாம்னு குறிச்சு வெச்சிருந்தேன். ஆனா முதல் செய்தியிலேயே நேரம் முடிஞ்சிடும்னு தோணுது. ஏன்னா அது கீழடி. அரசியல், அறிவியல், நம்ம ஊர்ப் பெருமை மூணும் ஒரே குழிக்குள்ள கிடக்கிற விஷயம்.

செய்தியை மட்டும் முதல்ல சொல்லிடறேன். கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்தியவர் மத்திய தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா. அவர் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைத் துறையிடம் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல அது அப்படியே இருந்துச்சு. 2025 மே மாசம் திருத்தம் கேட்டு துறை அவருக்கு எழுதுது. என் முடிவுகள் ஆதாரத்தோட இருக்கு, மாத்த முடியாதுன்னு அவர் பதில் சொல்றார். ஜூன் மாசம் அவருக்கு இடமாற்றம். நடுவுல சென்னைக்கு வந்த மத்திய கலாசார அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத், இன்னும் அறிவியல்பூர்வமான ஆதாரம் வேணும்னு பேசிட்டுப் போனார்.

இடமாற்றம் அவருக்குப் புதுசு இல்ல. 2017ல், கீழடி வேலை சூடு பிடிச்ச நேரத்துல, அவரை அசாமுக்கு அனுப்பினாங்க. அரசு வேலையில் இடமாற்றம் சகஜம்தான். ஆனா ஒரே இடத்தைத் தோண்டின மனுஷனுக்கு ஒவ்வொரு முக்கியமான கட்டத்துலயும் அது வந்தா, பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கும் கோபம் வந்துச்சு.

கோபம் கொஞ்சம் ஆறின பிறகு, சண்டை எதைப் பத்தின்னு பார்த்தேன். அங்கதான் விஷயம் சுவாரஸ்யமாகுது.

அமர்நாத் கீழடியை மூணு காலகட்டமா பிரிக்கிறார். அதுல முதல் கட்டம் கி.மு. 8ஆம் நூற்றாண்டுல இருந்து 5ஆம் நூற்றாண்டு வரை. துறை இதை ஏத்துக்கல. அவ்வளவு பழசா இருக்க வாய்ப்பில்ல, அதிகபட்சம் கி.மு. 300க்குக் கொஞ்சம் முன்னாடின்னு வெச்சுக்கலாம்னு சொல்லுது. கூடவே வேற சில திருத்தங்களும் கேட்டிருக்காங்க. வரைபடம் தெளிவா இருக்கணும், தேதிக்கு ஆழத்தை மட்டும் போட்டா போதாது, எந்த மண் அடுக்குன்னும் சொல்லணும். இந்த மாதிரி கேள்விகள் எனக்கு நியாயமாத்தான் படுது. எந்த ஆய்வறிக்கையையும் சக ஆய்வாளர்கள் இப்படித்தான் குடைவாங்க.

இப்ப கொஞ்சம் அறிவியல். ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க.

உயிரோட இருக்கிற மரம், செடி, மிருகம் எல்லாம் காற்றுல இருக்கிற கார்பன்-14ஐ எடுத்துக்கிட்டே இருக்கும். செத்ததும் அது நின்னுடும். உள்ள இருக்கறது மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். பாதியாகக் குறைய கிட்டத்தட்ட 5,730 வருஷம் ஆகும். ஒரு கரித்துண்டுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்தா, அந்த மரம் எப்ப செத்துச்சுன்னு கணக்குப் போடலாம். 2019ல் தமிழக தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை இப்படித்தான் வந்துச்சு. ஆறு மாதிரிகளை அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிற பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. 353 செ.மீ. ஆழத்துல எடுத்த ஒரு மாதிரிக்கு கி.மு. 580ன்னு தேதி கிடைச்சது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. காற்றுல கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்ல. அதனால மர வளையங்களை வெச்சு ஒரு திருத்தக் கோடு தயாரிச்சு, ஆய்வக எண்ணை அதோட ஒப்பிட்டு நிஜ வருஷத்தைக் கண்டுபிடிப்பாங்க. அந்தக் கோடு கி.மு. 800ல இருந்து 400 வரைக்கும் கிட்டத்தட்ட தட்டையா இருக்கு. ஆஸ்திரியாவில் இருக்கிற ஒரு ஊர் பேரால அதை ஹால்ஸ்டாட் பீடபூமின்னு சொல்வாங்க. கி.மு. 750ல வெட்டின மரமும் 450ல வெட்டின மரமும் ஆய்வகத்துல ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்.

கவனிச்சீங்களா? கீழடி சண்டை நடக்கிறது சரியா அந்த நானூறு வருஷத்துக்குள்ளதான்.

அதனால ஒத்தை மாதிரியோட ஒத்தை எண்ணை வெச்சு யாருமே அடிச்சுப் பேச முடியாது. நாம டி-ஷர்ட்ல போட்டுக்கிற 580ம் ஒரு காலவரம்புக்குள்ள இருக்கிற ஒரு புள்ளிதான். அதே மாதிரி, 'ரொம்பப் பழசா இருக்கே'ன்னு யாருக்கோ தோணுறதை வெச்சு ஒரு காலகட்டத்தையே பின்னாடி தள்ளவும் முடியாது. நிறைய மாதிரி வேணும், எது எந்த அடுக்குல இருந்து வந்துச்சுன்னு தெளிவா வேணும், பானை ஓட்டையும் எழுத்தையும் சேர்த்துப் பாக்கணும். அதெல்லாம் எங்க இருக்கும்? அந்த 982 பக்கத்துல. அதைத்தான் 2025ல் இந்தச் சண்டை நடந்தப்பவும் வெளியிடாம வெச்சிருந்தாங்க.

என் கோபம் இப்ப இங்க வந்து நிக்குது. கி.மு. 8ஆம் நூற்றாண்டா 3ஆம் நூற்றாண்டாங்கறது எனக்கு ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அதை ஏன் மூடின அறைக்குள்ள முடிவு பண்றீங்க? அறிக்கையை வெளியிடுங்க. துறைக்கு மறுப்பு இருந்தா அதையும் கூடவே அச்சடிங்க. உலகத்துல இருக்கிற தொல்லியல் ஆய்வாளர்கள் படிச்சுட்டு, தப்பா இருந்தா கிழிக்கட்டும். எழுதினவரை இடம் மாத்தினா தேதி மாறாது.

தாமதம் என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க ஆதிச்சநல்லூரைப் பாருங்க. மத்திய தொல்லியல் துறை 2004ல் அங்க தோண்டிச்சு. அப்ப எடுத்த மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பு முடிவு வெளிய வந்தது 2019ல், அதுவும் உயர் நீதிமன்றத்துல வழக்கு நடந்த பிறகு. கி.மு. 905, கி.மு. 696ன்னு தேதிகள். 2004ல் பிறந்த குழந்தை பத்தாவது படிக்கிற வயசுக்கு வந்துடுச்சு. அந்த இடைவெளியில யாரு பேசினாங்க? அறிவியல் பேசல. வதந்திதான் பேசுச்சு.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்ல.

2025 ஜனவரி 23ஆம் தேதி, சிவகளையில் கிடைச்ச மாதிரிகளை வெச்சு, தமிழ்நாட்டுல இரும்பின் பழமை கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். பெரிய செய்தி. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதிச்சது நல்ல வேலை. ஆனா அன்னிக்கு சாயங்காலமே என் குடும்ப வாட்ஸப் குழுவுல 'உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன்'னு வந்துடுச்சு. தேதி கிடைச்சது கரித்துண்டு மாதிரியான பொருட்களுக்கு. அந்தக் கரியும் இரும்பும் ஒரே நேரத்துல அங்க வந்து சேர்ந்துச்சா, மரம் ஏற்கெனவே பழசா இருந்திருக்குமான்னு ஆய்வாளர்கள் கேப்பாங்க. கேக்கணும். அப்படிக் கேக்கறவரை நாம உடனே 'தமிழ் விரோதி'ன்னு முத்திரை குத்தினா, டெல்லியில ஃபைலை மூடி வெச்சவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவங்களுக்குப் பிடிக்காத தேதி வேண்டாம், நமக்குப் பிடிக்காத கேள்வி வேண்டாம்.

போன எபிசோடுக்கு ஒரு தோழி செய்தி அனுப்பியிருந்தாங்க. 'ரெண்டாயிரம் வருஷமோ மூவாயிரம் வருஷமோ, என் வாடகை குறையப் போகுதா?' நியாயமான கேள்வி. வாடகை குறையாது.

ஆனா கீழடியில என்னை உலுக்கினது தேதி இல்ல, பானை ஓடுகள். நாலாவது கட்டத்துல மட்டும் தமிழ் பிராமி எழுத்து இருக்கிற 56 ஓடுகள் கிடைச்சதா 2019 அறிக்கை சொல்லுது. ஆதன், குவிரன் மாதிரி பேருங்க. ராஜா பேரு, யுத்தக் கணக்கு எதுவும் கிடையாது. 'இது என் பானை'ங்கற மாதிரி ஒரு ஆள் தன் பேரைக் கீறி வெச்சிருக்கார். கையெழுத்து ஓட்டுக்கு ஓடு வேற வேற மாதிரி இருக்கு. அப்படின்னா எழுதத் தெரிஞ்ச சாதாரண ஆளுங்க அந்த ஊர்ல பல பேர் இருந்திருக்கலாம். எழுத்து ஒரு சிலருக்கு மட்டும்தான்னு பின்னாடி வந்த பல நூற்றாண்டுகள் இங்க சொல்லி வெச்சதை நினைச்சுப் பாருங்க. அப்ப அந்த ஓடு எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். அதனாலதான் அதோட காலத்தை ஒழுங்கா, நேர்மையா கணிக்கணும்னு நான் இவ்வளவு நேரம் கத்துறேன்.

உங்களுக்கு ஒரு வேலை. கீழடி அருங்காட்சியகம் மதுரையில இருந்து பஸ்ல போற தூரம்தான். 2023 மார்ச்ல இருந்து திறந்திருக்கு. போய் அந்த ஓடுகளைப் பாருங்க. தமிழக தொல்லியல் துறையோட 2019 அறிக்கை சின்ன புத்தகம்தான், படிங்க. அடுத்த முறை ஒரு பெரிய எண்ணோட ஃபார்வர்டு வந்தா, அனுப்பினவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: 'எந்த மாதிரி, எந்த அடுக்கு?'

மீதி ரெண்டு செய்தி அடுத்த வாரம். வரட்டுமா?