கேட்டபின் அனுப்புக
(பாச்சாங்கில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



புகலிடம் தேடிச் சென்றோர் மீண்டும் தம் ஊர் திரும்புவது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். இஃது அயலார் கதையன்று. நம்மைப்போல் தோட்டத்தில் உழைத்தோரின் வரலாறும் இதில் அடங்கும்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தனர். மலையகத் தோட்டங்களில் நாடற்றவராய் நின்றோருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. அம்மக்களை எவரும் கேட்டாரில்லை. இலங்கையிலேயே பிறந்தவர்க்கும் 'தாயகம் திரும்புவோர்' என்று பெயர் வந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூர் ரப்பர்த் தோட்டங்களிலும் சிலர் வேலை பெற்று நிலைகொண்டனர். வேலை பெறாதோருட் சிலர் கொடைக்கானல் மலைக்காடுகளில் கொத்தடிமைகளாயினர்.

1983இல் நிகழ்ந்த இனக்கலவரத்திற்குப்பின் ஈழத்தமிழர் கடல்கடந்து தமிழகம் புகுந்தனர். 1992இல் அவர்களைத் திருப்பியனுப்பும் பணி தொடங்கிற்று. ஆங்கிலம் அறியாதவரிடம் ஆங்கிலப் படிவத்தில் கையொப்பம் வாங்கப்பட்டதாக அன்று குறை எழுந்தது. படித்தறிய இயலாத தாளில் இடும் கையொப்பம் விருப்பத்திற்குச் சான்றாகுமா? பின்னர் அவ்வாண்டிலேயே ஐக்கிய நாட்டு அகதிகள் நிறுவனம் சென்னைக்கு வந்து, புறப்படுவோரை நேரிற்கண்டு விசாரிக்கலாயிற்று.

அகதிகளும் வாளாவிருக்கவில்லை. 1984இல் திரு. சந்திரகாசன் தலைமையில் தாமே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்தனர். பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தனர். முகாமிற் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் இலங்கைக் குடியுரிமையும் பெற உதவினர். இதுவன்றோ திரும்புவதற்கான முதல் ஆயத்தம்!

2009இல் போர் முடிந்தது. எனினும் வழி முற்றும் செவ்வையாகவில்லை. 2025இல் அந்நிறுவனத்தின் உதவியுடன் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னாளில் உரிய பத்திரமின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்திற் கைது செய்யப்பட்டார். உயிர் பிழைக்க ஓடியவர் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்திருக்க இயலுமா?

ஆகவே, அனுப்புமுன் மக்களையே கேட்டல் வேண்டும். விட்டுவந்த காணி இன்று யார் கையில்? கிணறும் பள்ளியும் உண்டா? கணவனை இழந்த பெண் எதைக்கொண்டு வாழ்வாள்? சிலர் முன்சென்று தம் கண்ணாற் பார்த்துவந்து உரைப்பின், பிறர் ஐயம் நீங்கி முடிவு செய்வர். முகாமிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் 'திரும்போம்' என்பாராயின், அச்சொல்லையும் மதித்தல் வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாதபோது விருப்பம் என்பது வெறுஞ்சொல்லே.

தோழர்களே! இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பத்திரம் இல்லாதவன் குரல் எங்கும் எடுபடுவதில்லை. உங்கள் குழந்தைகளின் பிறப்பைக் காலந்தாழ்த்தாது பதியுங்கள். அடையாள அட்டையைப் பேணுங்கள். பொருள் விளங்காத தாளில் ஒருபோதும் கையொப்பம் இடாதீர்கள்.