படம் வரைவதற்கு ஐந்து ஆண்டுகளா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் எங்களைக் காண வந்தார். அவருடைய மகள் கட்டடக்கலை பயில விரும்புகிறாள். "படம் வரைவதற்கு ஐந்து ஆண்டுகளா?" என்று கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நாங்களும் எங்கள் மகனிடம் இதையே கேட்டு, அவனை வேறு படிப்பில் சேர்த்தோம். அக்குறை இன்றும் நெஞ்சில் உண்டு.

அவர் வினாவுக்கு விடை நாம் வாழும் இந்த அகமதாபாத்திலேயே இருக்கிறது. 1962இல் பாலகிருஷ்ண தோஷி இங்கே தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியே வளர்ந்து, இன்று செப்ட் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. கட்டடக்கலை மாணவர் வரைபலகையோடு நின்றுவிடுவதில்லை; பழைய ஊர்களை நடந்து பார்த்தும் கற்கின்றனர். இந்நகரின் 'போள்' எனும் பழந்தெருக்களில் அவர்கள் கற்பதற்கு எவ்வளவோ உண்டு: வெப்பம் தணிக்கும் முற்றம், அதன் அடியில் மழைநீர் சேமிக்கும் 'டாங்கா', அயலாரோடு அமர்ந்து பேச 'ஓட்லா'. ஓட்லா என்பது நம் திண்ணையே அன்றோ!

இவ்வறிவை ஏழை எளியோருக்குப் பயன்படுத்தினார் தோஷி. 1980களில் இந்தூரில் எழுந்த அரண்யா குடியிருப்பு ஏறத்தாழ 6,500 மனைகளாக வகுக்கப்பட்டது. மாதிரியாக 80 வீடுகளைக் கட்டிக் காட்டினர். எளியோருக்கு மனையும், அடித்தளமும், குடிநீரும், கழிப்பறையும் அளித்து, எஞ்சியதைக் கைப்பொருளுக்கேற்ப அவர்களே கட்டிக்கொள்ள விட்டனர். அதற்கு 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2018இல் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையும் தோஷியைச் சேர்ந்தது. 2023இல் அவர் மறைந்தார்; அவர் காட்டிய வழி மறையவில்லை.

இனி நம் குடியிருப்பைப் பார்ப்போம். கார் நிறுத்துவதற்காக வேம்பை வெட்டி, தரை முழுதும் சிமெண்டு பூசியவர்கள் நாமே. மழைநீர் சாலைக்கு ஓடுகிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிறோம். இதனை எங்களுக்குச் சுட்டிக்காட்டியவள் அந்தப் பெண்தான்! கல்லூரியில் காலடி வைக்குமுன்பே அவள் கண் திறந்துவிட்டது.

படிப்பு நீண்டது, தொடக்கத்தில் வருவாய் குறைவாகவும் இருக்கலாம். அதனை மறைக்கவில்லை. எனினும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறும் உரிமையுள்ள தொழில் இது. "மகளைத் தடுக்காதீர்கள், எங்கள் தவறு உங்கள் வீட்டில் நிகழ வேண்டாம்" என்றோம். நுழைவுத் தேர்வுக்கு அவள் ஆயத்தமாகிறாள்.

அவள் படித்து முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா? அடுத்த மழைக்குள் ஒரு நீர்த்தொட்டி, ஒரு வேப்பங்கன்று: இவ்விரண்டையேனும் செய்வோம்.