பூனைக் கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள்



நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறோம். தெருப்பூனை பிறாண்டினாலோ, "பூனைதானே" என்று மஞ்சளைத் தடவி விட்டுவிடுகிறோம். வெறிநோய் பூனையின் மூலமாயும் வரும். அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பவர் இல்லையென்றே சொல்லலாம். அதற்கு முன்போ, தடுத்துவிடலாம்.

ஆகவே கடித்த இடத்தையும் கீறிய இடத்தையும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தடுப்பூசி போடச் சொன்னால், எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி இருக்கலாம். தாய்க்கு ஒன்றும் தெரியாமலே, கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் அது பாதிக்கக்கூடும். பூனை அசுத்தம் செய்த இடத்தை வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். மண்ணைத் தொட்டபின் கைகழுவுங்கள். இறைச்சியை நன்றாய் வேகவைத்து உண்ணுங்கள்.

பூனைகளை அடித்துக் கொல்லவேண்டாம். ஆனால் பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கீறலை மறைத்துவிடுவார்கள். வார்டுகளில் தாய்மாரிடம் நான் சொல்லுவது இதுவே: திட்டாமல் கேளுங்கள், பிள்ளை சொல்லும், காலத்தில் ஊசி போடலாம்.